சிவப்புக் கல்லுக்குக் கீழே

செப்டம்பர் 14, ஞாயிறு

எய்ரார்பக்கிக்குப் போய் வந்தேன். வழியெல்லாம் மழை. கடற்கரையில் ஒரு வீட்டில் காயவைத்த கடற்பாசியை வெண்ணெய் தடவிக் கொடுத்தார்கள். உப்பும் இரும்பும் கலந்த ருசி. முதல் வாய் பிடிக்கவில்லை. காரில் ஏறிய பிறகு கை தானாகப் பொட்டலத்துக்குள் போய்க்கொண்டே இருந்தது.

ஆறு மணிக்கு நார்வேயிலிருந்து ஈவார் பேசினான். எங்கள் ஞாயிற்றுக்கிழமை விதி அது. அவன் அந்த நாட்டில், நான் இந்த நாட்டில், இதுவரை போகாத ஒரு சின்ன ஊருக்குப் போக வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட வேண்டும். மாலையில் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். விதியைப் போட்டவனே அவன்தான். "பிரிஞ்சிருக்கிற மாதிரியே இருக்காது பாரு" என்றான். ரெய்க்யாவிக்கில் அவன் வேலை பார்த்த கட்டட நிறுவனத்தை மூடியதும், ஒரே ஒரு குளிர்காலம் தச்சு வேலை பார்த்துவிட்டு வருகிறேன் என்று பூடோவுக்குப் போன கணவன். இதோ மூன்றாவது குளிர்காலம் வரப்போகிறது.

கடற்பாசியைப் பற்றி வாய் ஓயாமல் சொன்னேன். "யௌ" என்றான். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே சொல்லும் ஆமாம். இந்த நாட்டில் நாங்கள் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் தொலைபேசியில் கேட்கும்போது ஆள் தூக்கத்தில் விக்குகிற மாதிரி இருக்கிறது.

"நீ எங்க போன?"

"எங்கயும் போகல. கேன்டீன்ல மீட்பால்."

"போன வாரமும் அதானே?"

"யௌ."

அக்டோபர் 5, ஞாயிறு

தங்கை ஹல்லா வந்திருந்தாள். காப்பியை முடிக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டாள். "அக்கா, உன் புருஷன் மீட்பாலுக்கு வாக்கப்பட்டுட்டான் போல. நீ எதுக்கு மழையில காரை ஓட்டிட்டுப் போய்ப் பாசி தின்னுட்டு வர்ற?"

எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. எதை வாயில் வைத்தாலும் அதை அவனுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் மனம் முதலில் தேடுகிறது. புளிப்பா, புகையா, எதைப் போல இருக்கிறது? பாதி ருசி சொல் தேடுவதிலேயே போய்விடுகிறது. அது அவன் பங்கு என்று நினைத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

ட்ராங்ஸ்னெஸ். ஒரு ஊரில் என்ன சாப்பிடலாம் என்று உணவகத்தில் கேட்டால் பர்கர் என்பார்கள். வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஊரே வந்து சொல்லும். இங்கே தொட்டிகள் கடலோரத்திலேயே இருக்கின்றன. காது குளிரில் மரத்துப்போக, முழங்கால் இன்னொருவர் முழங்காலில் இடிக்க, ஒரு மீன்காரரின் மனைவி கேட்டார்: "தொங்கப்போட்டு எடுத்த கிராஸ்லெப்பா தின்னிருக்கியாம்மா? வசந்தத்துல பிடிச்சது, ஃப்ரீசர்ல கிடக்கு. தலையத் துவட்டிட்டு வா."

போனேன். வேகவைத்த அந்தக் கொழுத்த மீனை உருளைக்கிழங்கோடு சாப்பிட்டேன். தோலுக்கடியில் கூழ் மாதிரி கொழுப்பு, வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. அந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை வாங்கிக்கொண்டதும்தான் அவர் முகம் மலர்ந்தது.

ஈவாரிடம் சொன்னேன். யௌ. யௌ. யௌ.

நவம்பர் 23, ஞாயிறு

செல்வாட்ன் ஏரிக்கரை. கை முழுக்கக் கறுப்பு மணல், நகத்துக்குள் இன்னும் இருக்கிறது. எழுதிவிட்டுத்தான் கழுவ வேண்டும்.

நேற்றுக் காலை போனேன், மாலையே திரும்பிவிடுவதாக. நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்ளும் சோல்வெய்க், ஐந்து ஊருக்குக் கேட்கும் குரல், தொட்டிக்குள் இருந்த என்னைப் பார்த்து, "ரொட்டி திங்க வந்தியா? அப்ப நீயே பிசை" என்றார். ரை தானியத்தின் கறுத்த மாவு, பால், பாகு. மாவைப் பானையில் போட்டு மூடி, ஏரியோரம் ஒரு கொட்டகைக்குப் பக்கத்தில் ஆவி பறக்கும் சுடுமணலில் குழி தோண்டிப் புதைத்தோம். அடுப்பு இல்லை, தீ இல்லை. நான் மண்வெட்டியைக் கொட்டகையில் வைத்துவிட்டு வருவதற்குள் அடையாளத்துக்கு ஒரு சிவப்புக் கல்லைத் தூக்கி வைத்திருந்தார். "இது விருந்தாளிக் கல். நாளைக்கு இதே நேரம் வந்து எடுத்துக்கோ."

"நாளைக்கா?"

"பின்ன? மண்ணை அவசரப்படுத்த முடியுமா?"

குளத்துக்கு மேலே இருந்த அறையில் தங்கினேன். இத்தனை ஊர்களுக்குப் போயும் ஒன்றிலும் தங்கியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இன்று காலை மண்வெட்டியோடு போய்ச் சிவப்புக் கல்லை நகர்த்தித் தோண்டினேன். பானையை எடுத்து மூடியைத் திறந்தேன். சூடான இனிப்பு வாசனை. அப்படியே மண்டியிட்டு முகர்ந்துகொண்டிருந்தேன்.

"நல்லா வெந்திருக்கா?" பின்னாலிருந்து ஒரு குரல். எழுபது வயது இருக்கும், கம்பளித் தொப்பி.

"அருமையா வெந்திருக்கு."

"என் ரொட்டி எப்பவுமே நல்லாத்தான் வேகும்."

ஐயோ! இந்த ஊரில் கல்லைப் பானைக்கு மேலே வைக்க மாட்டார்களாம். பானையிலிருந்து ஓர் எட்டு தள்ளி, ஏரிப் பக்கமாக வைப்பார்களாம். கல்லுக்கு நேர் கீழே இருப்பது பக்கத்து ஆளின் பானை. ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும், வெளியூர்க்காரர்கள் எல்லோரும் இடறுவார்கள். அடுத்தவர் ரொட்டியைத் தோண்டினால் ஒரு வழக்கம் உண்டு: தோண்டியவர் அந்த ரொட்டிக்காரரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

தோரிர் என்ற அந்தப் பெரியவர் வீட்டில் சாப்பிட்டேன். நூலால் அறுத்த சூடான ரொட்டி, கை நிறைய வெண்ணெய், புகையில் வாட்டிய ஏரி மீன். அவர் அதிகம் பேசவில்லை. "இன்னொண்ணு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது சோல்வெய்க்கைக் கேட்டேன்: "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"மறந்துட்டேன்மா" என்றார். மறந்த முகம் இல்லை அது. பிறகு குரலைத் தணித்து (அவருக்கு அது வரும் என்பதே ஆச்சரியம்), "பொண்டாட்டி செத்ததிலேர்ந்து தனியாத்தான் திங்கறார். விருந்தாளிக் கல்லை எங்க வைக்கணும்னு எனக்குத் தெரியும்" என்றார்.

ஆறு மணிக்கு ஈவாரிடம் வாசனையைச் சொன்னேன், கொட்டகையைச் சொன்னேன், சிவப்புக் கல்லைச் சொன்னேன். தப்பாகத் தோண்டியதை மட்டும் சொல்லவில்லை. வெட்கத்தால் இல்லை. சொல்லி, அதற்கும் அவன் "யௌ" என்று மட்டும் சொல்லிவிட்டால்?

டிசம்பர் 23, செவ்வாய்

இன்று ஊர் முழுக்கப் புளித்த திருக்கை மீன், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வழக்கம். மீனவர் மன்றத்தில் ஹல்லாவோடு சாப்பிட்டேன். மூக்கு எரிந்து கண்ணில் நீர் வந்தது. எல்லோருக்கும்தான் வரும், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். வசதி.

ஈவார் ஞாயிறு இல்லாமலே கூப்பிட்டான். "கம்பளிக் கோட்டைப் பால்கனியில தொங்கப்போட்டியா? வீட்டுக்குள்ள கொண்டுபோகாத, ஈஸ்டர் வரைக்கும் நாறும்." கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. வேலையாம்.

கோட்டை உள்ளேதான் மாட்டினேன். நாறட்டும்.

ஜனவரி 18, ஞாயிறு

புயல், சாலைகள் மூடல். எங்கும் போகவில்லை, சொல்ல ஒன்றும் இல்லை. "வசந்தத்துல வரேன்" என்றான். எந்த வசந்தம் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 1, ஞாயிறு

முடித்துவிட்டேன்.

"இங்க இன்னொரு வருஷம் இருக்கச் சொல்றாங்க" என்றான்.

"நீ என்ன சொன்ன?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல."

இன்னும் ஒண்ணும் சொல்லலையாம்! உடனே மாட்டேன்னு சொல்ல வாய் வரலையா? நான் என்ன, ஞாயித்துக்கிழமை ரேடியோவா? பேசிட்டே இருப்பேன், நீ மீட்பால் மென்னுட்டே கேப்பியா?

இதையெல்லாம் அவனிடமே சொன்னேன். பிறகு கேட்டேன்: "நான் தின்னுட்டு வந்து சொன்னேனே, அதுல ஒரே ஒரு ஊர் பேர் சொல்லு. ஒண்ணே ஒண்ணு."

அந்தப் பாழாய்ப்போன யௌ கூட இல்லை.

"இனிமே கூப்பிடாத. வர்றதா இருந்தா வா" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அழுதேன். எழுதினால் தப்பில்லை, நான் மட்டும்தானே படிக்கப்போகிறேன். எனக்கு அவன் வேண்டும். ரொட்டி அறுக்கும்போது நுனித் துண்டை எடுத்துக்கொள்ள ஆள் வேண்டும்.

மார்ச் 15, ஞாயிறு

கூப்பிடவில்லை. சொன்னால் சொன்னபடி கேட்கிற ஆள், இதில் மட்டும்.

மார்ச் 29, ஞாயிறு

பழக்க தோஷத்தில் காரை எடுத்தேன். ஹ்வம்ஸ்தாங்கியில் ஆட்டிறைச்சி சூப். நன்றாக இருந்தது என்று நினைக்கிறேன். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றால் நாக்கு எதையும் கவனிக்க மாட்டேன் என்கிறது. டர்னிப் இருந்ததா? நினைவில்லை.

வரும் வழியில் மலைச்சரிவில் பனி உருகத் தொடங்கியிருந்தது. பூடோவிலும் உருகும்.

ஏப்ரல் 22, புதன்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளை நானே நம்ப மாட்டேன்.

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு வாடிக்கையாளரின் கண்ணாடிக்கு மூக்குப் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். தொலைபேசி. சோல்வெய்க். காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"யோருண், உன் வீட்டுக்காரர் நெட்டையா? இடது கட்டைவிரல்ல நகம் இருக்காதா?"

ரம்பம் பட்டுப் போன நகம். "ஏன்? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. தோரிரோட ரொட்டியை உன் ஆளு தோண்டிட்டார். நேத்து வந்து, கேட்டு வாங்கி மாவு பிசைஞ்சார். விருந்தாளிக் கல்லை நான்தான் வெச்சேன். இன்னைக்குப் பாத்தா, உன்னை மாதிரியே, கல்லுக்கு நேர் கீழ! யாருய்யா உனக்குச் சொன்னதுன்னு தோரிர் கேட்டார். 'என் பொண்டாட்டி சொன்னா, கொட்டகைக்குப் பக்கத்துல சிவப்புக் கல்'ங்கறார்."

கையிலிருந்த கண்ணாடியை மேசையில் வைத்தேன்.

"இன்னும் கேளு. பை நிறையக் கடற்பாசி வெச்சிருக்கார். எய்ரார்பக்கியிலயாம். ட்ராங்ஸ்னெஸ்ல ஒரு அம்மா வீட்டுக் கதவைத் தட்டி, கிராஸ்லெப்பா இருக்கான்னு கேட்டிருக்கார். ஞாயித்துக்கிழமை விமானத்துல இறங்கினதுலேர்ந்து ஊர் ஊராத் தின்னுட்டு வர்றார். உனக்குத் தெரியாதா?"

தெரியாது. வாடிக்கையாளர் கண்ணாடி இல்லாமல் என் பக்கம் குத்துமதிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரை அனுப்பவா?"

"அனுப்பாதீங்க. நான் வரேன்."

ஏப்ரல் 23, வியாழன். கோடையின் முதல் நாள்

விடுமுறை. செல்வாட்னில் போய் இறங்கியபோது, கோடைக்கு வழக்கம்போல் பனி பெய்துகொண்டிருந்தது. சோல்வெய்க் நேற்று வெளியே வைத்த தட்டுத் தண்ணீர் இறுகிக் கிடந்தது. குளிர்காலமும் கோடையும் சேர்ந்து உறைந்தால் வருஷம் நன்றாக இருக்கும் என்று தட்டை எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார்.

ஈவார், தோரிர் வீட்டுச் சமையலறையில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். பின்னந்தலையில் முடி குறைந்திருந்தது. அதைப் பார்த்ததும் நான் தயார் செய்துகொண்டு வந்த சண்டை பாதி போய்விட்டது.

"உட்காரும்மா" என்றார் தோரிர். "உன் ஆளு நல்லாத் திங்கறார். ஆனா தோண்டத் தெரியல." ஒரு துண்டை என் தட்டில் வைத்துவிட்டு, ஆடுகளைப் பார்க்க வேண்டும் என்று வெளியே போனார். குட்டி போடும் பருவம்தான். ஆனாலும் எங்களுக்காகத்தான் போனார்.

"நேரா வீட்டுக்கு வர வேண்டியதுதானே?" என்றேன்.

"வெறுங்கையோட உன் வாசல்ல வந்து நிக்கறதுக்குக் கூச்சமா இருந்துச்சு. மூணு குளிர்காலம். ரொட்டி இருந்தா, கதவைச் சாத்தறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிப்பன்னு நெனச்சேன்." தட்டைப் பார்த்துக்கொண்டே, "கல்லைப் பத்தி நீ முழுசாச் சொல்லல" என்றான்.

"அன்னைக்கு ஒரு ஊர் பேர் கேட்டேனே, வாயைத் திறக்கலையே நீ?"

"எந்த ஊரைச் சொல்றதுன்னு யோசிச்சேன். அத்தனை இருந்துச்சு. அதுக்குள்ள ஃபோனை வெச்சுட்ட."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டுக்கும் நடுவில் ரொட்டி வேறு தொண்டையில்.

"பூடோக்காரங்ககிட்ட என்ன சொன்ன?"

"மாட்டேன்னுட்டேன். கருவியெல்லாம் கப்பல்ல வருது."

"இனிமே இங்கதானே?"

"யௌ."

"மூச்சை வெளிய விட்டுச் சொல்லு."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "ஆமா, யோருண்."

ரொட்டியின் நுனித் துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

எங்கும் போகவில்லை. ஆறு மணிக்குத் தொலைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிட்டேன். என்ன செய்கிறேன் என்று கொஞ்ச நேரம் எனக்கே உறைக்கவில்லை.

சமையலறையிலிருந்து ஈவாரின் குரல் வந்தது: "யார் கூப்பிடப்போறா?"

"யாரும் இல்ல" என்றேன்.

மீட்பால் பொரிகிற வாசனை.