மீதி அழுகையை வந்து கேட்கிறேன்

ஜவ்வாது மலையின் அத்தனை பலாமரங்களுக்கும் மகாராணியான என் அக்கா முனியம்மாவுக்கு,

நீ போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. அங்கே உன்னை எதிர்த்துப் பேச ஆள் இருக்கிறதா? இங்கே எனக்குப் பதவி உயர்வு. உன் மகள் செல்வி ஆலங்காயத்தில் ஒரு ஷூ கம்பெனிக்குத் தைக்கப் போகிறாள். மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் கட்டட வேலை, மாதம் ஒருமுறைதான் வருவார். ஆக, நீ பார்க்காத உன் பேத்தி, ஒன்றேகால் வயது மலருக்குத் தாதி, மந்திரி, பட்டத்து யானை எல்லாம் நான்தான்.

முதல் நாளே ஒரு ராஜதந்திரம் செய்தேன். காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையிறங்கும் ஜீப் வரும் நேரத்தில் மலரைத் தூக்கிப்போய்க் கோழி காட்டுவேன். செல்வி பின்வாசல் வழியாக நழுவிவிடுவாள். எட்டு நாள் அழுகையே இல்லை. உலகத்தில் எந்தத் தளபதியும் இப்படிச் சத்தமில்லாமல் ஆளைக் கடத்தியதில்லை என்று என் தோளை நானே தட்டிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் கோழியைக் கண்டதும் மலர் அலறினாள். கோழி வந்தால் அம்மா காணாமல் போவாள் என்று கண்டுபிடித்துவிட்டாள். சாயங்காலம் செல்வியின் துப்பட்டாவைப் பிடித்தவள், அவளைக் குளிக்கக்கூட விடவில்லை.

"மாமா, நான் வேலைய வுட்டுட்றேன். எப்ப மாயமாப் போவேனோன்னு பயந்துக்கினே இருக்குது."

"கம்பெனி இன்னா ஆவறது?"

"மெஷினுக்கு வேற ஆளு கெடைக்கும். இதுக்கு வேற அம்மா கெடைக்குமா?" மலரை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ஆனா மாமா, அந்த மெஷின்ல உக்காந்தா எனக்குப் புடிச்சிருக்குது."

அப்போதுதான் நீ நினைவுக்கு வந்தாய். புளியும் பலாவும் விற்க நீ ஆலங்காயம் சந்தைக்கு இறங்கிய நாட்களில் செல்வியைச் சுமந்தவனும் நான்தானே. நீ ஒருநாளும் நழுவிப் போனதில்லை. அவள் எதிரில் குந்தி, "போய்ட்டு வர்றேன் கண்ணு. நீ அழுவு. மீதிய சாயங்காலம் வந்து கேக்கறேன்," என்பாய். அப்புறம் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, அவள் கதறக் கதற நடப்பாய். கல்நெஞ்சக்காரி என்று நானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அது உன் காதுக்கு வந்ததா அக்கா? வந்திருந்தால் ஏன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை?

செல்வியிடம் இதைச் சொன்னேன். மறுநாள் அவள் முன்வாசலில் குந்தி, உன் சொல்லையே சொல்லிவிட்டு ஜீப் ஏறினாள். மலர் போட்ட சத்தத்தில் காவலூரில் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் எந்த நட்சத்திரம் வெடித்தது என்று தேடியிருப்பார்கள். ஜீப் மறைந்து கொஞ்ச நேரத்தில் விசும்பல் அடங்கியது. பிறகு அவளாகவே கோழியின் பின்னால் போனாள்.

சாயங்காலம் ஜீப் சத்தம் கேட்டதும் ஓடினாள். அம்மா எதிரில் நின்று, மூச்சை இழுத்து, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல், "ஆ..." என்று மீதியை அழுது காட்டினாள். செல்வி மண்ணிலேயே உட்கார்ந்து கடைசிவரை கேட்டாள். மறுநாளும் வேலைக்குப் போனாள்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். முதல் வளைவு தாண்டியதும் செல்வி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொள்கிறாளாம், மூன்றாம் வளைவில்தான் எடுக்கிறாளாம். ஜீப் டிரைவர் சொன்னார். நீ நடந்தல்லவா போனாய்? எந்த வளைவில் அழுதாய்? தலையில் கூடை, அதைப் பிடித்தபடி இரண்டு கையும் மேலே. கண்ணை எப்படித் துடைத்தாய்?

இனி ராஜதந்திரத்தில் கோழியை இழுக்க மாட்டேன். செல்வி வேலைக்குப் போகிற ஒவ்வொரு நாளும் மலரை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஜீப் மறையும்வரை முன்வாசலிலேயே நிற்பேன். யாரும் கேட்காத மீதி உன்னிடம் இருந்தால் எடுத்து வை அக்கா. நான் அங்கே வரும்போது உட்கார்ந்து கேட்கிறேன்.

கல்நெஞ்சக்காரியின் தம்பி,
ஏழுமலை