தயிர்ச்சோற்றில் வெள்ளை மணிகள்

பிப்ரவரி 9, ஞாயிறு

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான்கு நாள். கோயில் வகுப்பில் எழுதக் கற்று ஆறு மாதம் ஆகிறது. இவ்வளவு நீளமாக எழுதுவது இன்றுதான். எனக்கு இரைப்பையில் புண். இரைப்பை - நல்ல சொல். மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். கை வலித்தாலும் சந்தோஷம்.

குளியலறையில் ரத்த வாந்தி எடுத்து விழுந்தேன். வாய் வழியே குழாய் விட்டு, ரத்தத்தை நிறுத்தி, துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். புண் உண்டாக்கும் கிருமி இல்லையாம். பிறகு புண் எப்படி வந்தது?

மகன் யுகேந்திரன் கேட்டான்: "அப்பா, மறுபடி தண்ணி போடுறீங்களா?"

பதினோரு வருடமாகத் தொட்டதில்லை என்றேன். தலையாட்டினான். நம்பவில்லை.

பிப்ரவரி 16

அலமாரியில் என் சட்டைகளின் மடிப்பு மாறியிருக்கிறது. யுகேந்திரன் சாராயப் போத்தல் தேடினானா? இல்லை, மருமகள் வாசுகியா?

ஏப்ரல் 8

ஆஸ்பத்திரியில் மறுபரிசோதனை. டாக்டர் நஜ்வா தமிழில் பேசுகிறார். "ரத்தம் கசியுறப்ப எடுத்த டெஸ்ட்ல கிருமி இருந்தாலும் தெரியாமப் போகலாம் அங்கிள். புண் ஆறிடுச்சு. மூச்சை ஊத வெச்சுப் பார்க்கலாம். அதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் வயித்து மாத்திரைய நிறுத்துங்க. அதைச் சாப்பிட்டா கிருமி பதுங்கிக்கும்."

பழைய தப்பை மூடப் பார்க்கிறாரோ? ஆனாலும் உடனே சரி என்றேன். கிருமி கிடைத்தால் யுகேந்திரன் குடியைக் காரணம் சொல்ல முடியாதே.

ஏப்ரல் 11

மாத்திரை இல்லை. வலியும் இல்லை. அதுதான் சந்தேகமாக இருக்கிறது.

ஏப்ரல் 15

தயிர்ச்சோற்றில் கடுகைவிடச் சிறிய வெள்ளை மணிகள். கடித்தால் கசந்தது. வாசுகியைக் கேட்டேன். "உப்பு கரையல மாமா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

உப்பு உருண்டையாக இருக்குமா? இவள் எனக்கு என்ன கொடுக்கிறாள்? நான்கு மணிகளைத் தாளில் மடித்து வைத்தேன்.

ஏப்ரல் 16

தாளை அவள் முன் பிரித்தேன். "என்னம்மா இது? வெஷமா?"

அழுதுவிட்டாள். வயிற்று மாத்திரைதான். மாத்திரைக் கூட்டைப் பிரித்து உள்ளிருக்கும் மணிகளைத் தினமும் சோற்றில் கொட்டியிருக்கிறாள். "அன்னிக்கு ரத்தத்துல கெடந்த உங்களைத் தூக்குனது நான்தான் மாமா. நிறுத்தினா மறுபடி வந்துடுமேன்னு பயம்."

சே. வெஷமான்னு கேட்டுட்டேனே. என்ன மனுஷன் நான்?

டாக்டருக்கு அவளே போன் செய்து சொன்னாள். இன்றிலிருந்து மறுபடி இரண்டு வாரம்.

மே 2

பையில் ஊதினேன்.

மே 9

கிருமி இருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு மருந்து. எழுதிக் கொடுக்கும்போது டாக்டர் கேட்டார்: "இதோட மது சேரக் கூடாது. பழக்கம் இருக்கா அங்கிள்?"

நான் வாயைத் திறப்பதற்குள் யுகேந்திரன் சொன்னான்: "இல்ல டாக்டர். அப்பா தொட்டுப் பதினோரு வருஷமாச்சு."