கழுவிக் கவிழ்த்த டப்பி

மார்ச் 4
இன்று ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள்: நான், என் மகள், மாடி வீட்டு நாத்தனார், புது நெஞ்சு டாக்டர், நரம்பு கிடைக்காமல் கையெல்லாம் குத்திய நர்ஸ். பழைய டாக்டர் இல்லை. இருந்திருந்தால் நறுக்கென்று கேட்டிருப்பேன். “ஆஸ்துமாதான், வயசாச்சுல்ல” என்று சொல்லியே ஆளைச் சாய்க்கப் பார்த்தவர். இன்ஹேலரை எவ்வளவு இழுத்தாலும் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். ஏன்?

புதியவர் கேட்டார்: “சளி என்ன கலர்ம்மா?”

இதுவரை யாரும் கேட்காத கேள்வி. “பழுப்பு. கட்டியா, ரப்பர் மாதிரி வரும்.”

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மூடி போட்ட டப்பி ஒன்று தந்தார். அடுத்து வருவதை அதில் பிடித்துக்கொண்டு போகவேண்டும்.

மார்ச் 7
விடிந்ததும் வந்தது. குட்டி வேர் மாதிரி கிளை விட்டிருந்தது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்குள் என்னதான் முளைக்கிறது?

பல் தேய்த்துவிட்டு வந்தால் டப்பி கழுவிக் கவிழ்த்திருக்கிறது! மாடியிலிருந்து இறங்கி வந்த நாத்தனார் வேலை.

“கருமம், அடுப்பு மேடையிலயா வைப்பாங்க அண்ணி?”

“அடிப்பாவி! டாக்டர் சொன்னப்ப நீயும்தானே பக்கத்துல இருந்தே?”

“நான் அந்த நர்ஸோட வளையலைப் பாத்துக்கிட்டிருந்தேன்.”

மார்ச் 8
அவளோடு பேச்சில்லை.

மார்ச் 12
டாக்டர் சிரித்துவிட்டார். “விடுங்கம்மா, ரத்தத்துல பிடிச்சிடலாம்.” பிடித்தும்விட்டார். ஸ்கேனிலும் தெரிந்ததாம். காற்றில் திரிகிற பூஞ்சை. எல்லாரும்தான் அதை மூச்சில் இழுக்கிறோம். ஆஸ்துமாக்காரர்களில் யாரோ சிலருக்கு மட்டும் உடம்பு அதோடு மல்லுக்கு நின்று, மூச்சுக்குழாயைப் புண்ணாக்கிச் சளியால் அடைத்துவிடுமாம்.

“உங்க உடம்பு சண்டையை விடவே மாட்டேங்குது” என்றார். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். எதற்கென்று எனக்குத் தெரியாதா?

சண்டையைத் தணிக்க ஸ்டீராய்டு மாத்திரை. பூஞ்சைக்குத் தனி மாத்திரை.

மார்ச் 21
ஸ்டீராய்டால் பசி, ஓயாத பசி. முகம் உப்பிவிட்டது. இருமல் பாதியாகிவிட்டது. நாத்தனார் மூக்கில் துணி கட்டிக்கொண்டு என் அறையின் ஈரச் சுவரில் படிந்த பூஞ்சையைச் சுரண்டுகிறாள். நான் அந்தப் பக்கமே வரக்கூடாதாம். நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை — மகள் மூலம் தகவல்.

மே 2
அடைப்பு விலகியிருக்கிறது. மாத்திரையைக் கொஞ்சங்கொஞ்சமாகத்தான் குறைப்பார்களாம். பழைய டாக்டரை மன்னித்துவிட்டேன். நர்ஸையும்.

சாயங்காலம் மாடி ஏறினேன். எந்தப் படியிலும் உட்காரவில்லை. கதவைத் தட்டி, “உன்னை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டேன்” என்றேன்.

“இதைச் சொல்லவா ஏறி வந்தீங்க?”

“ஆமா.”

நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். இருட்டும்வரை திட்டினேன், மூச்சு வாங்கவே இல்லை.

தினமும் ஏறிப்போய்த் திட்டலாம். மன்னிப்பதாக இல்லை, அந்த நாத்தனாரை.