ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணி மருந்து

பூச்சிக்குட்டி,

அம்மா எழுதறேன். நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாம இருக்கணும், காலையில கண்ணு முழிச்சதும் அதைத்தான் கேட்டுக்கறேன். என்னைப் பத்திச் சொல்லணும்னா, சாப்பிடறேன், துவைக்கறேன், வாசல் வரைக்கும் நடக்கறேன். வீடுதான் ரொம்பப் பெரிசாப் போச்சு. இருக்கறதே ரெண்டு ரூம், ஆனா ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குப் போக இப்பல்லாம் நேரம் ஆகுது. பேச்சுக் குடுக்க ஆள் இல்லாம நேத்து குக்கரைத் திட்டிக்கிட்டு இருந்தேன். எழுத்துல தப்பு இருந்தா சிரிக்காதே, அஞ்சாவதோட நின்னவ எழுத்து இப்படித்தான் இருக்கும். போன்ல சொல்ல வேண்டியதுதான், ஆனா நீ அழுதா நான் பாதியில நிறுத்திடுவேன், அதனால பேப்பர் எடுத்தேன்.

போன வாரம் நீ சொன்னே, அப்பா வலி இல்லாமப் போனார், அது உன்னாலதாம்மா, அது போதும் எனக்குன்னு. உன்கிட்ட அந்த நல்ல பேர் வாங்க எனக்குத் தகுதி இல்லடி.

இனிமே வைத்தியம் இல்ல, வலி தெரியாமப் பாத்துக்கறதுதான்னு பெரிய டாக்டர் சொல்லி, அப்பாவை மாடி வார்டுக்கு மாத்தினாங்கல்ல. முப்பது வருஷம் பஸ் ஓட்டின மனுஷன், அதுக்கும் ஒரு சிரிப்பு வெச்சிருந்தார். வண்டி இனி ஓட லாயக்கில்லை, கண்டம்னு எழுதிட்டாங்க, இனி ஷெட்ல நிறுத்தித் தூசி தட்டறதுதான் பாக்கின்னார். ஆனா அங்க நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க, குறை சொன்னா வாய் வெந்துடும். புண்ணு வராம ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வெப்பாங்க, பஞ்சை நனைச்சு உதட்டைத் துடைக்க எனக்கும் சொல்லிக் குடுத்தாங்க. மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி பெரிய சிஸ்டர் வந்து பத்துக்கு எத்தனை வலின்னு கேப்பாங்க. மூச்சு வீணாகும்னு அப்பா விரலைத்தான் காட்டுவார். நம்பர் கூடினா மருந்தைக் கூட்டுவாங்க, கூட்டினா தூங்கிடுவார்.

அவர் போறதுக்கு முந்தின வாரம் ஞாயித்துக்கிழமை நீ கூப்பிட்டப்ப அவர் குறட்டைதான் உனக்குக் கேட்டுச்சு. அந்தப் பக்கம் நீ அழுத அழுகை என் காதுலயே இருந்துச்சு. அங்க இருந்து வர டிக்கெட் கிடைக்க இன்னும் ரெண்டு வாரம் ஆகும்னே. அவருக்கு அத்தனை நாள் இருக்கான்னு யாருக்குத் தெரியும்? அதான் அடுத்த ஞாயிறு ரெண்டு மணிக்கு சிஸ்டர் கேட்டப்ப, மூணுன்னு நான் முந்திக்கிட்டுச் சொன்னேன். அது மூணு இல்லடி, எட்டு. எனக்குத் தெரியும். நாலு மணிக்கு நீ கூப்பிடுவே, அவர் முழிச்சிருக்கணும், அது ஒண்ணுதான் என் மண்டையில ஓடுச்சு.

நாலு மணி வரைக்கும் கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே கிடந்தார். முகமெல்லாம் வேர்த்துச்சு, நான் துடைச்சேன். நீ கூப்பிட்டதும் எங்க இருந்துதான் அந்தக் குரல் வந்துச்சோ. ரிவர்ஸ் எடுக்கறப்ப கண்ணாடியை மட்டும் நம்பாதே, கழுத்தைத் திருப்பிப் பாருன்னு உனக்குப் பாடம் எடுத்தார். அப்பா தெம்பா இருக்காரும்மான்னு நீ குதிச்சே. நீ போனை வெச்சதும் ஓடிப் போய் சிஸ்டரைக் கூட்டிட்டு வந்து எட்டுன்னு சொன்னேன். அன்னிக்குத் தூங்கினவர் சரியா முழிக்கவே இல்ல. செவ்வாய்க்கிழமை போயிட்டார்.

முந்தாநாள் அந்த வார்டுக்குப் போனேன். என்னைப் பாத்து வாங்கம்மான்னு சொல்ல வேற எந்த இடம் இருக்கு? அவர் கட்டில்ல வேற ஒருத்தர். சிஸ்டர்கிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவங்க திட்டலை. கையைப் பிடிச்சுக்கிட்டு, நாலு மணிக்குப் பொண்ணு பேசுதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா, டாக்டரைக் கேட்டு நேரத்தையும் அளவையும் மாத்திக் குடுத்திருப்போம், வலியும் அடங்கியிருக்கும், பேசியும் இருப்பார்னாங்க. ஒரு வார்த்தைடி. ஊர்க்கதை எல்லாம் பேசற எனக்கு அந்த ஒரு வார்த்தை கேக்கத் தெரியலை. பெரிய இடத்துல நம்ம வசதியைச் சொல்லக் கூடாதுன்னே வளந்துட்டேன்.

நீ மனசைக் குழப்பிக்காதே. அவர் பேசினது பொய் இல்ல, அதை மட்டும் பிடிச்சுக்கோ. என்மேல கோபம் வந்தா கோபப்படு, ஆனா கூப்பிடறதை நிறுத்திடாதே. வேளைக்குச் சாப்பிடு, குளிர்ல காதை மூடிக்கோ, மாப்பிள்ளைகிட்ட எரிஞ்சு விழாதே. நீங்க ரெண்டு பேரும் நூறு வருஷம் சேர்ந்து இருக்கணும்.

இப்படிக்கு,
உன் அம்மா

இதை எழுதாமலே கவரை ஒட்டிடப் பாத்தேன், முடியலை. அன்னிக்கு நான் மூணுன்னு சொல்றப்பவே அவர் ரெண்டு கையையும் தூக்கியிருந்தார், ஒண்ணுல அஞ்சு, ஒண்ணுல மூணு. சிஸ்டர் மருந்துத் தட்டை வெச்சுட்டு அவர் பக்கம் திரும்பறதுக்குள்ள என்னை ஒரு தரம் பாத்தார், அஞ்சு விரல் காட்டின கையைப் போர்வைக்குள்ள இழுத்துக்கிட்டார். உன்கிட்ட பேசணும்னு அவருக்கே ஆசை வந்து இழுத்துக்கிட்டாரா, இல்ல நான் சொல்லிட்டேனேன்னு இழுத்துக்கிட்டாரா, பூச்சி?