மதாம் கொடுத்த ஆறு சவோன்

முதலியார்பேட்டை,
1957, கார்த்திகை 22

மருமகள் மணியம்மாளுக்கு உன் அத்தை வீராயி எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உன் புருஷன் கலியமூர்த்தியும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுத மனம் வரவில்லை, அதனால் எழுதவில்லை. காரைக்காலில் உன் அண்ணன் அரிகிருஷ்ணன் வீட்டில் நீயும் குழந்தை சந்திரகலாவும் சுகமாகத்தான் இருப்பீர்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்து கோணலாய் இருந்தால் சிரிக்காதே. கலியமூர்த்தியை எழுதித்தரச் சொன்னால், "நீயாச்சு, அவளாச்சு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டான். அந்தச் சட்டையும் நாறுகிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நீ குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி இன்றோடு பத்தொன்பது நாள். உன் அண்ணனிடம் நீ என்ன சொன்னாயோ தெரியாது. நான் சொல்வதையும் அவர் படிக்கட்டும்.

நீ போனதற்கு முந்தின நாள் ராஜாம்பாள் மகள் கல்யாணத்துக்கு நான் கட்டிப் போனது என்னிடம் இருக்கிற ஒரே பட்டு, அரக்குக் கலர். பந்தியில் எனக்குப் பக்கத்தில் யார்? என் நாத்தனார் தையல்நாயகி. என் கல்யாணத்தில் சோறு குழைந்துபோச்சு என்று ஊர் முழுக்கச் சொன்னாளே, அவள்தான். நாற்பத்தொரு வருஷம் ஆகிறது, நான் மறக்கவில்லை. அவள் இலையில் அப்பளம் விழுந்த நேரம், முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, "என்னா அண்ணி, பெட்டில எலி கிலி செத்துக் கெடக்குதா?" என்று கேட்டாள். மெதுவாகக் கேட்டிருந்தால் பொறுத்திருப்பேன். பாயசம் பரிமாற வந்தவன் வாளியோடு நின்று என்னைப் பார்த்தான். பிறகு அவள் எழுந்து போய் வேறு இலையில் உட்கார்ந்தாள். போட்ட இலையை விட்டு எழுந்து போனாள், மணியம்மா! நான் சாம்பாரோடு நிறுத்திக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். ஈரச் சாக்கு வாடை, பழைய விளக்கெண்ணெய் வாடை, இன்னதென்று சொல்ல முடியாத ஒரு புழுங்கல். குருசுக்குப்பத்து மணலில் கருவாடு காய்கிற நேரம் நடந்திருக்கிறேன், அதில்கூட ஒரு நேர்மை உண்டு. இது திருட்டு நாற்றம். வெளியில் எடுத்தால் தெரியாது, உடம்பில் சூடு ஏறினதும் கிளம்பும். ஆமாம், எல்லாத் துணியையும் வாரித் தெருவில் போட்டேன். ஆமாம், குழாயடியில் லட்சுமியும் செல்வாம்பாளும் குடம் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் உன்னை ஊத்தக்காரி என்றேன். சொல்லவில்லை என்று சாதிக்க மாட்டேன்.

அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் தெருவில் வெள்ளைக்கார மதாம் வீட்டில் பத்தொன்பது வருஷம் துணி துவைத்தவள் நான். அந்த வீட்டுப் படுக்கை விரிப்பை அலமாரியில் வைத்து ஆறு மாதம் கழித்து எடுத்தாலும் வெயில் வாசனை வரும். நீ செய்கிறது என்ன? மில்லில் பஞ்சும் எண்ணெயுமாய் அவன் கழற்றிப்போட்டதைக் குழந்தை துணியோடு ஒரே வாளியில் ஊறவைக்கிறாய். ஊறப்போட்டதை மறந்துவிட்டு லட்சுமி வீட்டில் கதை பேசுகிறாய். அந்தத் தண்ணீர் கொழகொழவென்று ஆன பிறகு வந்து கசக்குகிறாய். நுரை போகும்வரை அலசுகிறதில்லை. மழைக்காலம் என்று அடுப்பங்கரைக் கொடியில் போடுகிறாய், கீழே மத்தி மீன் பொரிகிறது. மடிக்கும்போது இடுப்புப் பட்டையையும் அக்குளையும் தொட்டுப் பார்க்க வேண்டாமா? அங்கே ஈரம் இருந்தால் மொத்தப் பெட்டிக்கும் பூசணம் பிடிக்கும். கடைசியில் உன் அண்ணன் வாங்கித்தந்த கொலோன் தண்ணியை வாசனைக்கு மேலே தெளிக்கிறாய். நாற்றத்துக்குப் பூ வைத்த மாதிரி. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட அருவருப்பு.

மதாம் கப்பல் ஏறின வருஷம் எனக்கு ஆறு சவோன் கொடுத்தாள். எல்லாரும் இப்போது சோப்பு என்கிறார்கள், நான் சவோன் என்றுதான் சொல்வேன். உடம்பில் தேய்க்க மனசு வராமல், துணிக்கு வாசனை ஏறட்டும் என்று மூன்று வருஷமாகப் பெட்டி அடியில் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். அந்தச் சீமை வாசனையையே உன் ஈரத்துணி தின்றுவிட்டது என்றால் பார்த்துக்கொள்.

இனிமேல் என் கண் முன்னால் துவைக்கிறேன், நான் தொட்டுப் பார்க்காமல் மடிப்பதில்லை என்று உன் கைப்பட எழுதினால் நீ வரலாம். பெட்டிச் சாவி எப்போதும் போல என் இடுப்பில்தான் இருக்கும்.

குழந்தைக்குத் தலையை நன்றாகத் துவட்டிவிடு. மழைத் தண்ணீர் பட்டால் அவளுக்குச் சளி கட்டும். உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

வீராயி


முதலியார்பேட்டை,
1958, மாசி 9

சௌபாக்கியவதி மணியம்மாளுக்கு அத்தை வீராயியின் ஆசீர்வாதம்.

என் கார்த்திகைக் கடிதத்துக்குப் பதில் போடவில்லை. நான் உன் இடத்தில் இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன். இந்தக் கடிதத்தை நம் தெருக் கண்ணையன் கையில் கொடுத்தனுப்புகிறேன். தன் மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்கு அவன் காரைக்கால் வருகிறான். கடிதத்தோடு சிறு துணி முடிப்பு ஒன்றும் தருவான். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நீ போன பிறகு துணி எல்லாவற்றையும் நானே துவைத்தேன். மார்கழி முழுக்க மூட்டமாகவே இருந்ததால் எதையும் பெட்டியில் வைக்கவில்லை. தை பிறந்து வெயில் வந்ததும் உவர்மண் போட்டு வெள்ளாவி வைத்தேன். மூன்று தண்ணீரில் அலசினேன். பட்டுப் புடவையை மட்டும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் முக்கி எடுத்து நிழலில் உலர்த்தினேன். மற்றதை உள்பக்கம் வெளியே வர உதறி, மூன்று நாள் வெயிலில் போட்டேன். அப்பளம் மாதிரி மொடமொடவென்று இருந்தது. வெயில் சூடு ஆறட்டும் என்று விட்டு, வெட்டிவேரும் காய்ந்த வேப்பிலையும் போட்டுப் பெட்டியில் அடுக்கினேன். மதாம் வீட்டில்கூட இவ்வளவு செய்ததில்லை.

எட்டாம் நாள் திறந்தேன். அதே நாற்றம்.

ஈரத்தோடு மடிக்க வீட்டில் நீ இல்லை. மீன் பொரிக்க ஆள் இல்லை. கொலோன் தண்ணியும் உன்னோடு போய்விட்டது. குற்றம் சொல்ல ஒருத்தரும் இல்லாமல் பெட்டிக்கு முன்னால் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

எலிதான் என்று நினைத்து எல்லாவற்றையும் வெளியே வைத்தேன். அடியில் போட்டிருந்த காகிதம் எண்ணெய் குடித்து மஞ்சளாகிக் கிடந்தது. அதன் மேல் அந்த ஆறு முடிப்பு. ஒன்றை அவிழ்த்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். பத்து நாள் பட்டினி கிடந்தவன் என் முகத்துக்கு நேராக வாயைத் திறந்த மாதிரி இருந்தது. கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தேன். காலையில் குடித்த காப்பி அத்தனையும் போயிற்று. வெள்ளையாக இருந்த சவோன் பழுப்பாகி, மேலே வேர்வை மாதிரி துளித்துளியாய் எண்ணெய், பெட்டியின் துரு அதில் ஒட்டிக்கொண்டு! அரிவாள்மனையில் வைத்து ஒன்றை அறுத்தேன். நடுவில் ஒரு நெல்லிக்காய் அளவு மட்டும் வெள்ளை. அதில் மட்டும் அந்தப் பழைய வாசனை. அதைப் பார்த்ததும் ஆத்திரம்தான் வந்தது. பத்தொன்பது வருஷம் மதாம் வீட்டு அழுக்கைக் கசக்கினதற்கு ஊசிப்போகிற எண்ணெயில் ஆறு கட்டி. அதை நான் தங்கம் மாதிரி முடிந்து வைத்து, அதன் மேலே என் வீட்டுத் துணியை அடுக்கி, என் வீட்டுப் பெண்ணைத் தெருவில் நிறுத்தினேன்.

ஆறு கட்டியையும் வாய்க்கால் கரையில் வீசினேன். தெரு நாய் ஒன்று மோந்து பார்த்து, தும்மிக்கொண்டே போயிற்று.

நான் எதையும் மறக்கிறவள் அல்ல என்று உனக்குத் தெரியும். போன பங்குனி உத்திரத்தன்று நீ வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாய். குழந்தை அந்தக் காம்பை அடுக்கி விளையாடியது. நான் பெட்டியைத் திறந்து பட்டுப் புடவையை எடுத்தேன். நீ நிமிர்ந்து, "அத்தே, அந்த சவோன ஒன்னொன்னா தேய்ச்சிக் குளிச்சிடுங்க. சும்மா வெச்சிருந்தா எண்ணெ சிக்கு ஏறிடும்" என்றாய். நான் என்ன சொன்னேன்? "ஒங்கப்பன் வூட்டு சவோனா? சீமை சாமானப் பத்தி இவ எனக்குச் சொல்ல வந்துட்டா" என்றேன். நீ கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய். மத்தியானம் என் தட்டில் கீரை மட்டும் கொஞ்சம் அதிகமாக வைத்தாய். அன்றைக்கே எனக்கு அது கண்ணில் பட்டது. இத்தனை நாள் அதைக் கணக்கில் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

தெருவில் சொன்னதைத் தெருவில்தான் திருப்ப வேண்டும். நேற்றுக் காலை லட்சுமியும் செல்வாம்பாளும் குழாயடிக்கு வரும்வரை குடத்தை நிரப்பாமல் நின்றேன். இருவரும் வந்ததும், "நாத்தம் எம் பெட்டி சவோன்லதான், எம் மருமவ கையில இல்ல" என்றேன். லட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். செல்வாம்பாள் சிரித்தாள். "அப்போ நீங்கதான் ஊத்தக்காரியா, பெரியம்மா?" என்றாள். அந்தச் சிரிப்பையும் மறக்க மாட்டேன். ஆனால் உனக்காக வாங்கிக்கொண்டேன். தையல்நாயகிக்கு மட்டும் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்லவும் மாட்டேன். போட்ட இலையை விட்டு எழுந்தவள் அவள்.

மில் எண்ணெய்த் துணியைக் குழந்தை துணியோடு நீ ஊறவைத்தது தப்புதான். அதையும் எழுதாமல் விட்டால் இது என் கடிதமே அல்ல.

குழந்தையின் பச்சைக் கவுன் ஒன்று இங்கே தங்கிவிட்டது. சின்னதாகிப்போயிருக்கும். அதைக் கலியமூர்த்தி தன் சட்டையோடு கொடியில் போடுகிறான், எடுக்கிறான், மறுபடி போடுகிறான். வெளுத்துப்போயிற்று. நான் கண்டுகொள்வதில்லை.

இப்போது அந்த முடிப்பு. பெட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, திறந்த வாயோடு பத்து நாள் வெயிலில் வைத்தேன். உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்தேன், இரும்பு வாடை தவிர ஒன்றும் இல்லை. என் புடவை எல்லாவற்றையும், அந்தப் பட்டுப் புடவையையும் சேர்த்து, ஒரு ஓரமாக உள்ளே வைத்தேன். மீதி இடம் உனக்கும் குழந்தைக்கும். வைத்துப் பூட்டிவிட்டேன். முடிப்பில் இருக்கிறது அதன் சாவி. இதற்கு வேறு சாவி கிடையாது, உனக்கே தெரியும். அதைத் திருப்பி அனுப்பாதே. இனி அது உன் இடுப்பில்தான் இருக்க வேண்டும்.

வெளியில் எனக்கு இரண்டே புடவை. ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். மாசிப் பனியில் கொடியில் இருப்பது உலர உச்சிப் பொழுது ஆகிவிடுகிறது. ஒரு நாள் மழை தூறினாலும் ஈரத்தோடுதான் சுற்றிக்கொள்ள வேண்டும். நாற்றம் எனக்கு ஆகாது என்று உனக்குத் தெரியும். நீ வருகிற நாளைக் கண்ணையனிடம் சொல்லியனுப்பு. பஸ் வந்து நிற்கிற இடத்தில் கலியமூர்த்தி நிற்பான். நான் பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பேன்.

தீர்க்க சுமங்கலியாய் இரு. குழந்தைக்கு அப்பனைப் பெற்ற ஆயாவின் முத்தம்.

வீராயி