ஒரே தேதியில் இரண்டு காகிதங்கள்

ஆகஸ்ட் 6, புதன்

மழை விட்டபாடில்லை. அறுத்துப் போட்ட புல் வயலிலேயே ஊறிக்கொண்டிருக்கிறது. தபால் நிலையத்தில் ஸ்டாம்ப் வாங்கப் போன இடத்தில்தான் செய்தி கிடைத்தது. எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், பாரம்பரியக் கால்பந்து அணி மேனேஜர் டெக்லன் விலகிவிட்டாராம். ஜூன் மாதத் தோல்விக்குப் பிறகு எல்லோரும் எதிர்பார்த்ததுதான்.

மேனேஜர் போனால் அவர் பக்கத்தில் நின்ற தேர்வாளர்களும் போக வேண்டும். யாரும் அவர்களிடம் வந்து சொல்வதுகூட இல்லை, அவர்களாகவே புரிந்துகொள்ள வேண்டியதுதான். என் தம்பி கோல்மன் அடுத்தடுத்து வந்த மூன்று மேனேஜர்கள் கூப்பிட்டு வைத்துக்கொண்டதில் ஒன்பது வருடம் தேர்வாளராக இருந்தவன். ஆட்டக்காரர்களைப் பொறுக்குவதிலிருந்து தண்ணீர் பாட்டில் சுமப்பது வரை எல்லாம் அவன்தான்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், பின்கதவு ஆணியில் எப்போதும் மேலே தொங்கும் அவனுடைய கவுண்டி கோட்டு மற்ற கோட்டுகளுக்கு அடியில் போயிருந்தது. அவன் தட்டில் உருளைக்கிழங்கு இரண்டு கூடுதலாக வைத்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

கவுண்டி விளையாட்டுச் சபையின் கடிதம் வந்தது. மேனேஜர் பதவிக்கு ஒவ்வொரு கிளப்பும் ஒரு பெயர் அனுப்பலாம். மாலை எங்கள் கில்காரா கிளப் கமிட்டி கூடியது. ஐந்து பேர், ஒரு கெட்டில், ஒழுகும் கூரை. நான் செயலாளராக உட்காரும் பதினான்காவது வருடம்.

"கோல்மனைப் போடும்மா டிம்ப்னா. பாவம், ஒன்பது வருஷம் ஓடியிருக்கான். பேப்பர்ல பேராவது வரட்டும்" என்றார் பொருளாளர். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான்.

இது எங்கள் பக்கத்து மரியாதை. பெயர் போடுவோம், ஊர்ப் பத்திரிகையில் பட்டியல் வரும், நாலு பேர் கை குலுக்குவார்கள். பிறகு அந்த ஆள் 'மிக்க நன்றி, இம்முறை இயலாத நிலை' என்று ஒரு கடிதம் கொடுத்து விலகிக்கொள்வார். நிஜ மேனேஜரைச் சபைத் தலைவர் ஜார்லத் எங்கேயாவது பேசி முடித்திருப்பார். அந்த நன்றிக் கடிதத்தையும் கிளப் செயலாளரே தட்டச்சு செய்து கொடுத்துவிடுவதுதான் வழக்கம். அவர் கையெழுத்துப் போட்டால் போதும்.

ஆகவே ஒரே உட்காரலில் இரண்டையும் அடித்தேன். முன்மொழிவு ஒன்று, விலகல் ஒன்று. இரண்டிலும் இன்றைய தேதி.

ஆகஸ்ட் 20, புதன்

பட்டியல் வந்துவிட்டது. ஆறு பேரில் ஐந்தாவது: கோல்மன் மல்ரூனி, கில்காரா.

மாட்டுச் சந்தைக்குப் போய்த் திரும்பியவன் முகமெல்லாம் சிவந்திருந்தது. "மேனேஜர் சார், இந்தக் கன்னுக்குட்டியை அணியில சேத்துக்குவீங்களான்னு கேக்குறானுங்க" என்று சொல்லிச் சிரித்தான். இந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று. நல்ல சமயம் என்று விலகல் கடிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

அவன் மேசையில் ஒரு புது நோட்டைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தான்.

"இத்தனை வருஷத்துல யாரும் என்னை அப்படி நெனச்சதில்ல அக்கா" என்றான். "நீ நெனச்சிருக்க."

பேனாவைக் கீழே வைத்தேன். கடிதத்தை ஏப்ரனுக்குள் செருகி, அவன் அந்தப் பக்கம் திரும்பியதும் அலமாரி இழுப்பறைக்குள் தள்ளினேன்.

அவன் மைதானத்து ஆள். கமிட்டி அறைக்குள் கால் வைத்ததே இல்லை. இந்த மரியாதையெல்லாம் அவனுக்கு எப்படித் தெரியும்? எனக்கு அது தோன்றியிருக்க வேண்டாமா?

ஆகஸ்ட் 25, திங்கள்

நான் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்துக்கே ஜார்லத்தின் போன்.

"மத்தவங்க கடிதமெல்லாம் வந்துடுச்சு. உன் தம்பியோடது எங்க?"

"வரும்."

"சீக்கிரம் அனுப்பு. டப்ளின்காரர் ஒருத்தர் கிட்டத்தட்ட ஒத்துக்கிட்டார். இவன் பேரு இருந்தா நேர்காணல் வைக்கணும், ஓட்டல்ல ரூம் போடணும். சும்மா மரியாதைக்குத்தானே போட்டீங்க?"

"ஆமா" என்றேன்.

ஆமாவாம். சொந்தத் தம்பியை.

செப்டம்பர் 1, திங்கள்

தொழுவத்தில் மாடுகளிடம் பேசிக்கொண்டிருக்கிறான். நேர்காணலுக்கு ஒத்திகை.

செப்டம்பர் 8, திங்கள்

இன்று சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். தேநீர் ஊற்றினேன், உட்கார்ந்தேன், வாயைத் திறந்தேன். அதற்குள், "ஒரு நிமிஷம் இதைப் பாரேன்" என்று மேசையைக் காலி செய்தான்.

சர்க்கரைக் கிண்ணம் எங்கள் கோல்கீப்பர். உப்பு ஜாடி, மிளகு ஜாடி, ஆறு கோப்பைகள். கோல்கீப்பர் ஓரன் பந்தை எப்போதும் நடு மைதானத்துக்கு ஓங்கி உதைக்கிறானே, அங்கே எதிரணி நெட்டையர்கள் காத்திருந்து பிடுங்கிவிடுகிறார்களே, அதுதான் எங்கள் சாபக்கேடு. கோல்மன் உப்பு ஜாடியை இடது மூலைக்கு ஓடவிட்டான். அதே நேரத்தில் இரண்டு கோப்பைகள் எதிர்ப்பக்கம் ஓடின. "எல்லாரும் கோப்பையைத்தான் பாப்பாங்க. அப்ப குட்டையா இங்க உதைக்கணும்" என்று சர்க்கரைக் கிண்ணத்திலிருந்து ஒரு கட்டியை எடுத்து உப்பு ஜாடியின் காலடியில் வைத்தான். போன வருடம் தோற்ற ஏழு ஆட்டத்திலும் எந்த நிமிடத்தில் எத்தனை பந்து இப்படிப் போயிற்று என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறான்.

ஐம்பது வருடமாக இந்த ஆட்டத்தைப் பார்க்கிறேன். நானே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். இவனுக்கு இந்த வேலை தெரியும். மரியாதைக்கு இல்லை, நிஜமாகவே தெரியும். இத்தனை நாள் ஒரே கூரைக்கடியில் இருந்து எனக்குத் தெரியவில்லையே.

கடைசியில் நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

மூன்று காளைகளை விற்றாயிற்று. நேற்று முழுக்க அவற்றின் பாஸ்போர்ட்டுகளை, மாட்டை விற்கக் காட்ட வேண்டிய அடையாளச் சீட்டுகளை, தேடி வீட்டைத் தலைகீழாக்கினான். பள்ளியிலிருந்து வந்தபோது கிடைத்துவிட்டது என்றான். முகம் ஒரு மாதிரி இருந்தது. நாளை நேர்காணல், பதற்றம் இருக்கும்தானே.

செப்டம்பர் 17, புதன்

டப்ளின்காரருக்கு ஒன்றரை மணி நேரம். என் தம்பிக்கு இருபது நிமிடம். ஓட்டலில் பரிமாறும் பெண் எங்கள் பள்ளியில் படித்தவள், அவள்தான் சொன்னாள். உள்ளே டப்ளின்காரருக்கு சாண்ட்விச் போயிற்றாம். இவனுக்கு ஒரு தம்ளர் தண்ணீர்.

"எப்படி இருந்துச்சு?"

"கேட்டாங்க. சொன்னேன். ஆட்டக்காரங்க சார்பா ஓரன் உக்காந்திருந்தான், அவன் மட்டும் ரெண்டு கேள்வி கூடக் கேட்டான்."

டையை அவிழ்த்து வைத்துவிட்டு மாடுகளைப் பார்க்கப் போய்விட்டான். ஜார்லத் நாசமாய்ப் போகட்டும். அவரைத் திட்டி என்ன பயன்? பெயரை எழுதியது யார்?

செப்டம்பர் 23, செவ்வாய்

டப்ளின்காரரை அறிவித்துவிட்டார்கள். கோல்மன் பத்திரிகையை மடித்து வைத்து, "நல்ல ஆளுதான்" என்றான். நோட்டை எங்கே வைத்தான் என்று தெரியவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

சர்ச்சில் பூசை முடிந்து வந்த கையோடு முற்றத்தில் ஒரு கார். நம்பர் தட்டில் அக்கரையின் எழுத்துகள். ஏரிக்கு அந்தப் பக்கத்துக் கவுண்டிக்காரர்கள், எங்களுக்கு ஜென்ம விரோதிகள். பட்டப்பகலில், ஊரே பார்க்க, எங்கள் வாசலில். இரண்டு பேர் இறங்கி, இழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அவர்களுக்கும் மேனேஜர் இல்லை. எங்களோடு கடைசிப் பிரிவில், அதிலும் கடைசி இடத்தில் கிடக்கும் அணிக்கு யார் வருவார்கள்? நம் ஓரன் அக்கரைப் பள்ளி ஒன்றில் ஆசிரியன். நேர்காணலுக்கு மறுநாள் ஆசிரியர் அறையில், "எங்களை இவ்வளவு நல்லா புரிஞ்சுக்கிட்ட ஆளை இருபது நிமிஷத்துல அனுப்பிட்டாங்க" என்று புலம்பியிருக்கிறான். அது காதோடு காதாக இவர்களை எட்டியிருக்கிறது.

"எங்ககிட்ட பெருசா ஒண்ணும் இல்ல" என்றார் வயதானவர். "ஆனா நீங்க சொல்றதைக் கேப்போம்."

கோல்மன் மூன்று நாள் அவகாசம் கேட்டான். நான் அவர்களுக்குப் பழக்கேக் வைத்தேன். வெண்ணெய் தடவவில்லை, அது நம்மவர்களுக்கு மட்டும்தான்.

அக்டோபர் 8, புதன்

ஒத்துக்கொண்டுவிட்டான்.

"அக்கரைக்காடா? அக்கரைக்கா?" என்று கேட்டுவிட்டேன். "அப்பா உயிரோட இருந்தா உனக்கு சோறு போடுவாரா?"

"அப்பா இருந்தா முதல்ல திட்டுவாரு. அப்புறம் டிக்கெட் கேப்பாரு" என்றான்.

சிரிக்கவில்லை நான்.

அக்டோபர் 10, வெள்ளி

டப்ளின்காரர் போய்விட்டார். பெரிய கவுண்டி ஒன்றில் இடம் காலியானதாம். இங்கே ஒரு பயிற்சிகூட நடத்தவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

ஜார்லத் வந்தார். நல்ல கோட்டு, கையில் ஆப்பிள் டார்ட். அவர் வீட்டில் செய்ததல்ல, கடை ஸ்டிக்கர் அப்படியே இருந்தது.

"கோல்மன், கவுண்டிக்கு நீ வேணும்பா."

"யாரு, நானா?"

"அக்கரைக்காரங்க வண்டி வந்ததா கேள்விப்பட்டேன். அதை விடு. சட்டப்படி பாத்தா உன் பேரு இன்னும் பட்டியல்ல இருக்கு. நீ விலகுறதா கடிதம் எதுவும் எங்களுக்கு வரல. ஒரு வார்த்தை சொல்லு, செவ்வாய்க்கிழமை அறிவிச்சிடறேன்."

சொந்தக் கவுண்டி. இருபது வயதில் அவன் கனவு கண்ட வேலை, ஆப்பிள் டார்ட்டோடு மேசைக்கு வந்திருக்கிறது. சரி என்று சொல்லடா என்று மனசுக்குள் கெஞ்சினேன். அக்கரைக்குக் கொடுத்த வாக்கு நான்கு நாள் பழையதுதானே.

"ஓ, அந்தக் கடிதமா" என்று எழுந்தான் கோல்மன். "மன்னிக்கணும். குடுக்க மறந்துட்டேன்."

பின்கதவுக்குப் போனான். கோட்டுகளை ஒவ்வொன்றாக விலக்கி, அடியிலிருந்த கவுண்டி கோட்டின் உள்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து வந்தான். என் பேனாவையே கேட்டு வாங்கி, நிதானமாகக் கையெழுத்துப் போட்டு நீட்டினான்.

ஜார்லத் படித்தார். "இதுல ஆகஸ்ட் பதினொண்ணுன்னு போட்டிருக்கே."

"ஆமா. கொஞ்சம் தாமதமாயிடுச்சு."

அவர் என்னைப் பார்த்தார். நான் டார்ட்டைப் பார்த்தேன்.

கார் போன சத்தம் அடங்கியதும் கேட்டேன். "எப்ப பாத்த?"

"பாஸ்போர்ட் தேடினப்போ. நேர்காணலுக்கு ரெண்டு நாள் முன்னாடி."

"பாத்துட்டுமா போன?"

"ரெண்டு காகிதமும் நீ அடிச்சதுதான் அக்கா. எதை நம்பறதுன்னு நான்தானே முடிவு பண்ணணும்?"

"நான் சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்" என்றான். என்னைச் சமாதானப்படுத்த ஒன்றும் சேர்க்கவில்லை. டார்ட்டை என் பக்கம் நகர்த்திவிட்டுத்தான், "அன்னிக்கு சர்க்கரைக் கிண்ணத்தைப் பாத்து நிமிர்ந்து உக்காந்தியே, அந்த மூஞ்சி மரியாதைக்கு வெச்சது இல்ல. அதை நெனச்சுக்கிட்டுத்தான் உள்ள போனேன்" என்றான்.

அழுதேன். அறுபத்தொரு வயதில், கடை டார்ட்டை வெட்டிக்கொண்டே.

நவம்பர் 17, திங்கள்

கமிட்டியில் ராஜினாமாவை நீட்டினேன். எதிரி வீட்டுச் செயலாளர் எதற்கு என்றேன். "இந்தக் கூரைக்கு மனுப் போட வேற யாரு இருக்கா? உக்காரும்மா, அக்கரை மேனேஜர் அக்கா" என்றார் பொருளாளர். பிஸ்கட் மட்டும் எனக்குத் தராமல் சுற்றி அனுப்பினார்கள்.

புது மேனேஜர் இங்கே இன்னும் கிடைத்தபாடில்லை. ஜார்லத் மறுபடியும் பெயர் கேட்டு எழுதியிருக்கிறார். கமிட்டி ஒரு பெயரும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

ஜனவரி 25, ஞாயிறு

லீக்கின் முதல் ஆட்டம். எங்கள் மைதானத்தில் அக்கரை அணி. இரண்டு பாயின்டில் தோற்றோம்.

சாம்பல் நிறக் கோட்டுப் போட்டுக்கொண்டு போனேன். எந்தக் கவுண்டியின் நிறமும் அதில் இல்லை. வழக்கமான இடத்தில், எங்கள் ஆட்கள் நடுவில் உட்கார்ந்தேன். இரண்டு வரிசை கீழே ஜார்லத். எதிர்ப்பக்க எல்லைக்கோட்டருகே என் தம்பி தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றான். குளிரில் மூக்கு சிவந்திருக்கும்.

அக்கரைக் கோல்கீப்பர் முதல் பந்தை வைத்தான். எங்கள் நெட்டையர்கள் நடுவில் கூடினார்கள். அவன் குட்டையாக இடது மூலைக்கு உதைத்தான், அங்கே ஒருவன் தனியாக நின்றான். "உப்பு ஜாடி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்திலிருந்தவள் திரும்பி முறைத்தாள்.

ஆட்டம் முடிந்ததும் எங்கள் கோல்கீப்பர் ஓரன் மைதானத்தைக் குறுக்கே கடந்து போய் என் தம்பியின் கையைக் குலுக்கினான். கூட்டத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். பிறகு ஒருவர் கைதட்டினார், இன்னொருவர் சேர்ந்தார். ஜார்லத்கூட, கையுறையோடு, சத்தம் வராமல்.

ராத்திரி கோல்மன் மாடுகளுக்குத் தீனி வைத்துவிட்டு வந்தான். அக்கரை அணியின் புதுக் கோட்டை எங்கே மாட்டுவது என்று பின்கதவருகே தயங்கி நின்றான். நான் எழுந்துபோய் என் சாம்பல் கோட்டை ஆணியிலிருந்து எடுத்து இடம் விட்டேன்.

மேலே எழுதியதைத் திருத்துகிறேன். இரண்டு பாயின்டில் ஜெயித்தோம்.