கண்ணை மட்டும் விட்டுவிட்டு

மடுல்சீமை

அன்புள்ள மகன் நிருபனுக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நீ அங்கே நல்லபடியாக இருப்பாய். இங்கே அப்பாவும் நானும் சுகம். தங்கச்சியும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் கோல் எடுத்துப் பேசினால் லயத்து வீடுகள் முழுக்கக் கேட்கும், அதனால்தான் லீவு முடிந்து கத்தார் திரும்புகிற பக்கத்துக் காம்பரா வீட்டு இரகுநாதனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இங்கே ஒரே மழை, மண் சரிந்து பஸ் பாதி வழியோடு நின்றுவிடுகிறது, அப்பாவுக்கு இருமல் கொஞ்சம் பரவாயில்லை.

மதுசூதனன் உனக்குக் கோல் எடுத்து ஏதோ சொல்லியிருக்கிறான். உன்னோடு சேர்ந்து ஓடியவன், நம் வீட்டு ரொட்டியைத் தின்று வளர்ந்தவன், அதே பள்ளிக்கூடத்தில் ஓட்டம் பழக்குகிற வாத்தியார் சேர் ஆகிவிட்டான் என்று அவன் அம்மாவைவிட நான்தான் சந்தோஷப்பட்டேன். தங்கச்சி தர்மிளாவை அவனிடம் ஒப்படைத்த அன்றைக்கு, நம் ஆட்கள் வாத்தியார்களிடம் வழக்கமாகச் சொல்வதுபோல, "கண்ண மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் ஒன் பொறுப்பு தம்பி" என்று சொன்னேன். அடித்துத் திருத்தினாலும் சரி என்று நம்பிக்கையில் சொல்கிற பேச்சு அது, யாராவது அதை அப்படியே எடுத்துக்கொள்வார்களா?

பதுளை மைதானத்தில் மாகாணப் போட்டி, வேலைக்குப் போகாமல் நானும் போயிருந்தேன். கால் வலிக்கிறது சேர் என்று பிள்ளை காலையிலேயே சொல்லியிருக்கிறாள், நடிக்காதே என்று ஓடவிட்டான். பாதியில் விழுந்துவிட்டாள். ஓடிப்போய்த் தூக்குவான் என்று பார்த்தால், காதைத் திருகி, அத்தனை பேர் முன்னால் "நீயெல்லாம் கொழுந்தெடுக்கத்தான் லாயக்கு" என்றான். நான் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன் மகன். கொழுந்தெடுப்பதில் எனக்கு வெட்கமில்லை, அவன் அம்மாவும் என் பக்கத்துத் தேயிலை நிரையில் கொழுந்தெடுத்துத்தான் அவனைப் படிக்க வைத்தாள், அதை அவன் வசவாக்கிவிட்டான். கால் வலி என்றால் மலையில் கங்காணிகூட உட்காரச் சொல்வார், பிள்ளைகளைப் பழக்குகிறவனுக்கு அது தெரிய வேண்டாமா? தோற்றால் தனியாகக் கூப்பிட்டுத் திட்டட்டும், நான் வேண்டாம் என்றா சொன்னேன், ஆனால் பிள்ளை சொல்வதை முதலில் நம்ப வேண்டும். போய்க் கேட்டேன். சிரித்துக்கொண்டே "நீங்கதானேம்மா சொன்னீங்க, கண்ண மட்டும் விடுன்னு" என்றான். என் வார்த்தையாலேயே என் வாயை அடைத்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்து, எலும்பில் வெடிப்பு என்று மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கட்டை அவிழ்த்த பிறகு பழையபடி ஓடலாம் என்று டொக்டர் சொல்கிறார், இவளோ இனி ஓடவே மாட்டேன் என்று ஓடுகிற சப்பாத்தைக் காலிலிருந்து கழற்றியதோடு தூக்கி அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள். மைதானத்தில் அவள் அழவில்லை. நீ முந்தாநாள் கோல் எடுத்து, பிடிவாதம் பிடிக்காமல் சேரிடம் மன்னிப்புக் கேள் என்றாயே, அதற்குப் பிறகுதான் அழுதாள். அண்ணனும் அவரு சொன்னதத்தான் நம்புதும்மா என்றாள். மதுசூதனன் ஊரான் வீட்டுப் பிள்ளை, அவனை மறந்துவிடலாம்.

வெயிலில் வேலை செய்கிறாய், தண்ணீரை நிறையக் குடி, நேரத்துக்குச் சாப்பிடு. நோய்நொடி அண்டாமல் முருகன் உன்னைக் காப்பாற்றட்டும். இது கைக்குக் கிடைத்த அன்றைக்கே தங்கச்சியிடம் பேசு. நியாயம் எதுவும் சொல்ல வேண்டாம், கால் எப்படி இருக்கிறது என்று கேள். நீ இன்னும் அதைக் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜீவராணி